வெள்ளையடித்த கொட்டகை

போன வாரம் நாம் மேஸ்திரியை விட்டு வந்தது மாட்டுக் கொட்டகை வாசலில். கையில் போன், எதிரே பளபளவென்று வெள்ளைச் சுவர், முகத்தில் ஈயாடவில்லை. நிவாரண ஆபீஸிலிருந்து பேசியிருந்தார்கள். நாளைக்கு ஆபீஸர் வருகிறார், வெள்ளச் சேதத்தை நேரில் பார்த்து எழுதப் போகிறார்.

அந்த ‘நாளைக்கு’ இன்றைக்கு வந்துவிட்டது.

இத்தனை வாரமாகக் கூடவே வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. மேஸ்திரி என்பது பட்டப்பெயர். கட்டட வேலைக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. பார்க்கிறவர்களையெல்லாம் வேலை வாங்குவதால் பால் வண்டிக்காரர் வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்பா விட்டுப்போன பண்ணையையும் கைக்குழந்தையாக இருந்த தம்பியையும் சேர்த்தே வளர்த்தவள். அந்தத் தம்பிக்கு இப்போது ஒரு கைக்குழந்தை.

ஆறு உடைத்துக்கொண்டு வந்த அன்றைக்கு தம்பி டவுன் ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். பண்ணையில் மேஸ்திரி தனியாள். இருட்டுவதற்குள் மாடுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டினாள். கன்றுக்குட்டியின் அடைப்புக்குத் திரும்பி வந்தபோது சேறு வந்து கதவை அடைத்துக்கொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தாள். உதைத்துப் பார்த்தாள். கதவு அசையவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி மனைவி போனில் கேட்டாள். குரலே சரியாக எழும்பவில்லை, உடம்பு அந்த நிலைமையில் இருந்தது. "அண்ணி, நம்ம பக்கம் தண்ணி வந்துச்சாமே? ஒண்ணும் ஆகலையே?"

"முழங்கால் வரைக்கும்கூட இல்லம்மா. நீ பிள்ளையப் பாரு" என்றாள் மேஸ்திரி, முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டு.

ஒரு பொய் சொன்னால் அதற்குக் காவல் வேண்டுமே. தம்பி மனைவி வீடு திரும்புவதற்குள் சேற்றை வாரினாள், அழுகின வைக்கோலைப் புதைத்தாள், வேலியை நட்டாள், வீட்டுக்கும் கொட்டகைக்கும் இரண்டு பூச்சு சுண்ணாம்பு அடித்தாள். நிவாரண அறிவிப்பு வந்தபோது பாதி வேலை முடிந்திருந்தது. மீதியையாவது விட்டு வைத்திருக்கலாம். விடவில்லை. பச்சைப் பிள்ளைக்காரி வந்து பார்க்கிற வீடு அழுது வடியக்கூடாது என்பதுதான் அவள் மண்டைக்குள் ஓடியது.

இன்று காலை தம்பி முற்றத்தில் நின்று அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஊர்ல எல்லாரும் குப்பையை அப்படியே வெச்சிருக்காங்க. நம்ம வீடுதான் பொண்ணு பார்க்க வர்ற வீடு மாதிரி இருக்கு."

"கிண்டலா?"

"இல்லக்கா. வயித்தெரிச்சல்." குரலைத் தாழ்த்தினான். "ரெண்டு வாளி சேறு கொண்டு வரட்டுமா? ஆத்தங்கரையில நிறைய கிடக்கு. அங்கங்க அடிச்சு விட்டா…"

"வேஷம் கட்டச் சொல்றியா என்னை?"

"நடந்ததைத்தானக்கா காட்டப் போறோம்!"

"நடந்ததை நான் கழுவிட்டேன். திரும்பப் பூசமாட்டேன்."

அவன் பெருமூச்சு விட்டான். கோபக்காரன் இல்லை, பாவம். கணக்கு அவனுக்கும் தெரியும். வைக்கோல் போச்சு, கறவை மிஷின் போச்சு, கிணற்று மோட்டாரும் போச்சு. வெயில் காலம் முழுக்க மாடுகளுக்குத் தீனி வாங்க வேண்டும். நிவாரணம் வந்தால் பண்ணை தாக்குப்பிடிக்கும். வராவிட்டால் டவுனில் ஒரு லாரி கம்பெனி அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, தங்க வீடும் தருகிறார்கள். மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு போய்விடுவான். இதை அவன் ஒளிக்காமல் சொல்லியிருந்தான். மேஸ்திரியும் "உன் இஷ்டம்டா" என்று பெரிய மனுஷியாகச் சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற சாக்கில் கொட்டகைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

"டவுன் வரைக்கும் போயிட்டு வரேன்க்கா. ஒரு சின்ன வேலை."

"ஆபீஸர் வர்ற அன்னைக்கா?"

"நான் இருந்து மட்டும் என்னத்தக் காட்டப் போறேன்?" என்று பைக்கை உதைத்தான்.

ஆபீஸர் வந்தது வெயில் ஏறிய பிறகு. ரிடையராகப் போகிற வயசு. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் டேப்லெட், பேன்ட்டில் முட்டி வரை ஊர்ச் சேறு. வாசலில் நின்று வீட்டைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். டேப்லெட்டைப் பார்த்தார்.

"விலாசம் சரிதானே?"

"சரிதாங்க."

"வெள்ளம் இந்த வழியா வந்ததா?"

"வந்துச்சுங்க."

"நான் இந்த வாரம் பார்த்ததுலயே, உட்காரலாம் போல இருக்கிற ஒரே இடம் இதான்" என்றார். பாராட்டுகிறாரா குத்துகிறாரா என்று மேஸ்திரிக்குப் புரியவில்லை. டீ வேண்டுமா என்று கேட்டாள். வயிறு சரியில்லை என்று வெந்நீர் மட்டும் வாங்கிக் குடித்தார்.

கொட்டகையைச் சுற்றி வந்தார்கள். வைக்கோல் போர் இருந்த இடத்தில் கூட்டிப் பெருக்கின தரை. மிஷின் இருந்த இடத்தில் சுவரில் இரண்டு ஆணி, அவ்வளவுதான். அவள் வாயால் சொன்னாள், அவர் காதால் கேட்டார், விரல் மட்டும் டேப்லெட்டில் எதையும் தட்டவில்லை.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. கண்ணால பார்த்ததைத்தான் நான் எழுத முடியும். மேல்பக்கத்துல ஒருத்தர் பக்கத்து ஊர்லேருந்து அழுகின வைக்கோலை விலைக்கு வாங்கி வாசல்ல குவிச்சு வெச்சிருந்தார். அந்த மாதிரி ஆளுங்களுக்காகப் போட்ட சட்டம், உங்களையும் சேர்த்துக் கட்டுது. ஒரு போட்டோ? படிஞ்ச சேறு? எதுனாச்சும்?"

"எல்லாத்தையும் வாரிட்டேங்க."

"ஏம்மா இவ்ளோ அவசரம்?"

மேஸ்திரி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வாசற்படியில் தம்பி மனைவி, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, இவர்கள் பக்கமே பார்த்தபடி நின்றிருந்தாள். அவளுக்குத் தெரிந்த வரைக்கும் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. மிஷின் ரிப்பேருக்குப் போயிருக்கிறது. வைக்கோலைத் தெரிந்தவர்களுக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறது. புள்ளி, பால் வண்டிக்காரரின் சொந்தக்காரர் பண்ணையில் சௌக்கியமாக இருக்கிறது.

புள்ளி அந்தக் கன்றுக்குட்டி. பிறந்த அன்றைக்கே தாய் முட்டித் தள்ளிவிட்டது. அப்போது நிறைமாதமாக இருந்த தம்பி மனைவிதான் பாட்டிலில் பால் கொடுத்துக் கொடுத்து அதைப் பிழைக்க வைத்தாள். அவள் இருமினால்கூட அது காதை விறைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்கும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வண்டிக்குப் பின்னால் வேலி வரை ஓடி வந்தது.

ஆபீஸர் கடைசிக் கேள்விக்கு வந்துவிட்டார். "உயிர்ச்சேதம்? மாடு, கன்னு ஏதாவது?"

ஒரு கணம்தான். படியில் நின்றவளை மேஸ்திரி ஓரக்கண்ணால் பார்த்தாள். 

"இல்லைங்க. ஒண்ணும் இல்ல."

சொன்னவுடன் தெரிந்துவிட்டது, மீதியிருந்த ஒரே சாட்சியும் போய் இதோடு எல்லாம் முடிந்தது என்று. தம்பி போய்விடுவான். குழந்தையும் போய்விடும். முதல் பல் எப்போது முளைத்தது என்று யாராவது போனில் சொல்லித்தான் தெரியும். ஆனாலும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. ஊரையே வேலை வாங்குகிற வாய்க்கு அந்த நாலு வார்த்தை வரவில்லை.

"சார், கொஞ்சம் இருங்க."

தம்பி மனைவி படியிறங்கி வந்தாள். குழந்தையைக் கொண்டு வந்து மேஸ்திரியின் கையில் திணித்தாள். குழாயடியில் நிரம்பி நின்ற வாளியைத் தூக்கினாள்.

"ஏய், தையல் போட்ட உடம்பு! கீழ வைடி!" என்று மேஸ்திரி கத்துவதற்குள், வாளித் தண்ணீரைக் கொட்டகைச் சுவரில் வீசி அடித்தாள்.

ஈரம் பட்ட சுண்ணாம்பு நிறம் மங்கிக்கொண்டே வந்தது. வெள்ளைக்கு அடியிலிருந்து பழுப்பாக ஒரு கோடு மேலே எழும்பி வந்தது, நூல் பிடித்த மாதிரி நேராக. அதற்குக் கீழே எல்லாமே சேற்று நிறம். அங்கங்கே வைக்கோல் துணுக்குகள் சுவரோடு ஒட்டியிருந்தன. அவள் நிற்கவில்லை. இன்னொரு வாளி பிடித்தாள், நகர்ந்து போய் அடுத்த பக்கம் வீசினாள். கோடு அங்கேயும் இருந்தது. மூலையைத் தாண்டியும் போனது.

ஆபீஸர் குடையைத் தரையில் போட்டுவிட்டு சுவர் பக்கத்தில் போய் நின்றார். கோடு அவருடைய இடுப்புக்கு மேலே இருந்தது. பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார்.

"உனக்கு… எப்படிம்மா?" மேஸ்திரிக்கு நாக்கு குழறியது.

"பிள்ளை துணி துவைக்கும்போது வாளி கவுந்துடுச்சு அண்ணி. வந்த மறுநாளே. சுவர்ல பட்டுச்சு, கோடு தெரிஞ்சுது. காய்ஞ்சதும் மறைஞ்சு போச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"எப்படிக் கேக்கறது? உங்க கையைப் பார்த்தேன். சுண்ணாம்பு அரிச்சு விரலெல்லாம் வெடிச்சிருந்துது. இவ்ளோ பாடுபட்டு மறைச்சிருக்காங்களே, தெரிஞ்சுபோச்சுன்னு சொன்னா மனசு நொந்துடுமேன்னு நானும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன்." மூச்சு வாங்க நின்றாள். "ஆனா அண்ணி, மிஷின் ரிப்பேருக்குப் போயிருக்கு, வைக்கோல் கடனுக்குப் போயிருக்கு, புள்ளி விருந்துக்குப் போயிருக்கு. நான் ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போனா இந்த வீட்ல மத்ததெல்லாம் கூடவே ஊருக்குக் கிளம்பிடுமா?"

அந்த நேரத்திலும் மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் அந்தப் பெண்ணின் முகம் உடைந்தது.

"அந்தக் கோடு என் இடுப்புக்கு மேல இருந்துச்சு அண்ணி. புள்ளி என் இடுப்புக்குக்கூட வராதே."

மேஸ்திரி குழந்தையோடு அப்படியே குழாயடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மூன்று வாரமாக ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாக வைத்துக்கொண்டிருந்த அழுகையை அன்றைக்குச் சேர்ந்து அழுதார்கள்.

"கதவு திறக்கலம்மா. சேறு அடைச்சுக்கிச்சு. நான் எவ்ளோவோ…"

"தெரியும் அண்ணி. உங்களைத் தெரியாதா எனக்கு."

ஆபீஸர் நாகரிகமானவர். முதுகைத் திருப்பிக்கொண்டு, அளந்த இடத்தையே மறுபடி அளந்துகொண்டிருந்தார். சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தார், ஈரம் காய்ந்த இடத்தில் தானே ஒரு வாளித் தண்ணீர் வீசிக்கொண்டு. வெகுநேரம் கழித்துத் தொண்டையைச் செருமினார்.

"கன்னுக்குட்டியோட காது வில்லை இருக்கா? அந்த நம்பர் இருந்தா அதையும் சேர்த்துடலாம்."

"காதுலயேதான் இருக்கு" என்றாள் மேஸ்திரி. "மேட்டுல புதைச்சேன். அதைக் கழட்ட எனக்கு மனசு வரல."

"தோண்டினா…" என்று ஆரம்பித்தவர், இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"வேணாம் சார்" என்றாள் தம்பி மனைவி. "அது இருக்கட்டும். சுவர் சொன்னதை மட்டும் எழுதிக்குங்க."

அவர் தலையாட்டினார். "எழுதிட்டேன்மா. கட்டடம், தீவனம், மிஷின், மோட்டார், எல்லாம் தண்ணி மட்டத்தை வெச்சு எழுதிட்டேன். முடிவு என் கையில இல்ல, மேல போகணும். ஆனா என் எழுத்து பலமா இருக்கும்." குடையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பினார். "இந்த வாரம் பூரா எல்லாரும் காட்டினதைத்தான் பார்த்தேன். மறைச்சு வெச்சதைப் பார்த்தது இங்கதான்." வெந்நீருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் தம்பி மனைவி எழுந்து, "எங்கன்னு காட்டுங்க அண்ணி" என்றாள்.

மேடு ஏறிப் போனார்கள். அங்கேயும் மேஸ்திரி தன் கைவரிசையைக் காட்டியிருந்தாள். மண்ணைச் சமமாகத் தட்டி, சுற்றிலும் கல் வைத்து, மேலே புல்லும் நட்டிருந்தாள். புல் பிடித்துக்கொண்டு வளர்ந்திருந்தது. தம்பி மனைவி குனிந்து அதைக் கொஞ்ச நேரம் தடவிக் கொடுத்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே என்கிட்ட எதையும் மறைக்கக்கூடாது" என்றாள், மேஸ்திரிக்கே மேஸ்திரியாக.

"சரிம்மா."

"அப்ப ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. நாங்க டவுனுக்குப் போறது உங்களுக்குச் சம்மதமா?"

மேஸ்திரி புல்லைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள், தோளில் தூங்குகிற குழந்தையைப் பார்த்தாள். "உங்க இஷ்டம்னு சொன்னேனே."

"அது அவருக்குச் சொன்ன பதில். நான் கேட்டதுக்கு இது பதில் இல்ல."

கீழே பைக் சத்தம் கேட்டது. 

இறங்கி வந்தபோது தம்பி முற்றத்தில் வாயைப் பிளந்து நின்றிருந்தான். கொட்டகை முழுக்கப் பாதி ஈரம், பாதி வெள்ளை, நடுவில் ஊரறியக் கோடு. அவன் கையில் புதுச் சாவி ஒன்று.

"பேசி முடிச்சுட்டேன்" என்றான். சந்தோஷமாகச் சொல்ல முயன்றான், வரவில்லை. "திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க. வீட்டையும் பார்த்தேன். ரெண்டு ரூம், வீட்டுக்குள்ளயே குழாய்ல தண்ணி வருது. ஆமா, ஆபீஸர் வந்தாரா? இது என்ன கோலம்?"

அவன் மனைவி சாவியைப் பார்த்தாள். அதை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த கறவைப் பாத்திரத்தை எடுத்தாள்.

"பால் கறக்கற நேரமாச்சு. அண்ணி, பிள்ளையைப் பார்த்துக்குங்க. எவ்ளோ நாளைக்குத்தான் நீங்க ஒருத்தரே எல்லா மாட்டையும் கறந்துக்கிட்டிருப்பீங்க."

"உடம்பு இன்னும்…" என்று மேஸ்திரி ஆரம்பித்தாள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொட்டகைக்குள் போய்விட்டாள்.

"அக்கா, இவ என்ன சொல்லிட்டுப் போறா?"

"உனக்குப் புரியலையா?"

"நீ சொல்லுக்கா. நான் போகட்டுமா, வேணாமா?"

இத்தனை வருஷமாக அவனை அவள் ஏவியிருக்கிறாள், அதட்டியிருக்கிறாள், காதைத் திருகியிருக்கிறாள். எழுந்திரு, குளி, படி, மாட்டை ஓட்டு, கல்யாணம் பண்ணிக்கொள் என்று எல்லாமே உத்தரவுதான். தனக்காக ஒன்றும் கேட்டதில்லை. கேட்கத் தெரியாது என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"போகாதடா" என்றாள். குரல் உடைந்து வந்தது. "நிவாரணம் வந்தாலும் சரி, வராட்டியும் சரி. நீங்க மூணு பேரும் இல்லாம என்னால முடியாது. போகாத."

தம்பிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு அடி எடுத்து வைத்தான், அவள் கையைப் பிடித்துக்கொள்ள வந்தவன் போல. பாதியில் நின்றுவிட்டான்.

கொட்டகைக்குள்ளிருந்து பாத்திரத்தில் பால் விழுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதலில் தயங்கித் தயங்கி, அப்புறம் சீராக. நடுவில் அந்தப் பெண் மாட்டிடம் ஏதோ செல்லமாகப் பேசுவதும் கேட்டது.

"ஏண்டா நின்னுட்ட? என்னடா?"

அவன் கொட்டகைப் பக்கம் பார்த்தான். குரல் அவனுக்கே கேட்காத மாதிரி வந்தது.

"அக்கா… மாட்டையெல்லாம் பேசி வித்துட்டேன். நாளைக்கு விடிஞ்சதும் ஓட்டிட்டுப் போக வராங்க."